தழும்புக்கு வயசாகிறது: வடசென்னையும் சிறுநீரகமும்



"வயசாச்சு, கிட்னி போச்சு." வடசென்னையில் இந்தப் பேச்சைக் காதில் வாங்காதவர் குறைவு. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் தொடங்கி எர்ணாவூர், திருவொற்றியூர், ராயபுரம் வரைக்கும் இதே கதைதான். கால் வீக்கம், வாந்தி, மூச்சு வாங்கல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் கடைசிக் கட்டத்தில் இருக்கும். துக்க வீட்டில் யாராவது காரணம் கேட்டால் ஒரே பதில்: வயசு.

வயசும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடையாறில் 70 வயதை எட்டியவரும் நெட்டுக்குப்பத்தில் 70 வயதை எட்டியவரும் அந்த 70 வருஷத்தை ஒரே மாதிரி வாழவில்லை. யார் வெயிலில் நின்றார், யாருக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்தது, யார் கடனுக்கு எதை விற்றார் என்பதெல்லாம் உடம்பில் பதிகிறது. நாம் இங்கே எழுதப் போவது அந்த வரலாற்றை. அதில் ஓர் அத்தியாயத்தை நம் இளைய தோழர்கள் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள். இந்தப் பகுதியில் தங்கள் சிறுநீரகத்தை விற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது வயசாகிறது.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியே வருகிறது, மீதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. இந்த வடிகட்டும் திறனை நிமிடத்துக்கு இத்தனை மில்லி லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றாலோ, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் தொடர்ந்து ஒழுகினாலோ, அது நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு வரும். நாற்பதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு இந்தத் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சுகரும் பி.பி.யும் கட்டுக்குள் இல்லாதவருக்கு அது வேகமாகக் குறையும். பாதிக்கு மேல் போகும் வரை உடம்பு பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காது.

சுகர் பணக்கார நோய் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். பாபாசாகேப் தன் கடைசி ஆண்டுகளை நீரிழிவோடுதான் கழித்தார். 1956-ல் அவர் மறைந்தபோது வயது 65. இன்று நம் தெருக்களில் சுகர் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். மாத்திரை தீர்ந்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். நிற்க முடியாதவர் விட்டுவிடுவார். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை அதன்மேல் சேரும். அந்த மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடும் என்பதைச் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.

இன்னொரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்த, மெலிந்த முதியவருக்கு அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். அதனால் அறிக்கையில் 1.2 என்று வந்தால் "நார்மல்தான்" என்று திருப்பி அனுப்பிவிடுவது நடக்கிறது. ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1.2 உள்ள 70 வயதுப் பெண்ணின் வடிகட்டும் திறன் 50-க்குக் கீழே வரும். அதாவது பார்வைக்கு நார்மல், உண்மையில் நோயாளி. வாழ்நாள் முழுக்க அரை வயிற்றோடு உழைத்து உருகிய நம் பாட்டிமார்கள்தான் இந்தக் கணக்கில் முதலில் தவறிப்போகிறவர்கள்.

உப்பு, சாம்பல், வெயில்

எண்ணூர் என்றதும் இன்று அனல்மின் நிலையமும் துறைமுகமும் நினைவுக்கு வரும். அதற்கு முன்னே இது உப்பு விளைந்த பூமி. 1805-ல் கும்பினி அரசு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அத்திப்பட்டு, வல்லூர் உப்பளங்கள் அந்த ஆட்சியின் கஜானாவை நிரப்பியவை. பிறகு 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், 2012-ல் வல்லூர் என்று ஒவ்வொன்றாக வந்தன. பழைய எண்ணூர் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். மற்றவை கொட்டிய சாம்பல் ஆற்றிலும் அலையாத்திக் காட்டிலும் படிந்து கிடக்கிறது. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்து மக்கள் தங்களை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லிப் போராடினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியபோது, மீனவர்கள் வாளியையும் மக்கையும் வைத்துக் கையால் அள்ளினார்கள். நெட்டுக்குப்பமும், அம்பேத்கரியத் தலைவர் சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய நகரும் அந்த எண்ணெயில் பாதிக்கப்பட்டவை.

ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவை சிறுநீரகத்தைத் தாக்கும் என்பது மருத்துவக் கல்லூரிப் பாடம். எண்ணூர்க் கழிமுகத்தின் சேற்றில் கன உலோகங்கள் இருப்பதைப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. இதை வைத்து "சாம்பல்தான் எல்லாருடைய கிட்னியையும் கெடுத்தது" என்று மேடையில் முழங்கிவிட நமக்கும் ஆசைதான். அப்படிச் சொல்லிவிட முடியாது. சொல்ல வேண்டியது வேறு: அந்தச் சேற்றில் இறங்கி இறால் தடவிப் பிழைக்கும் மக்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் ஊர் வாரியாகப் பரிசோதித்து முடிவை அந்த ஊரிலேயே படித்துக் காட்ட வேண்டும். அது நம் உரிமை.

ஆனால் வெயிலைப் பற்றி உறுதியாகவே பேசலாம். தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் 2017 முதல் 2020 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 90 சதவீதம் பேர் உடம்பு தாங்கக்கூடிய அளவுக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளரிடம் நடத்தி 2025-ல் வெளியான இன்னொரு ஆய்வில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இந்த நோய் உறுதியானது. அவர்களில் பாதிப்பேருக்கு சுகர், பி.பி. போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. இலங்கையின் அனுராதபுரம் பக்கத்திலும், ஆந்திராவின் உத்தானத்திலும், நிகராகுவா கரும்புத் தோட்டங்களிலும் இப்படித்தான் காரணம் தெரியாத சிறுநீரக நோய் என்று பெயர் வைத்தார்கள். அங்கெல்லாம் நோயாளிகள் பெரும்பாலும் வயலிலும் தோட்டத்திலும் உழைத்தவர்கள். நிகராகுவாவில் தொழிலாளர் போராடிய பிறகுதான் வேலை நேரத்தில் தண்ணீர், நிழல், ஓய்வு என்ற ஏற்பாடு வந்தது. வந்ததும் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

தண்ணீர், நிழல், ஓய்வு. 1927-ல் மகாடில் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிய போராட்டத்தின் பிள்ளைகள் நாம். தண்ணீர் உரிமை குளத்தங்கரையோடு முடிவதில்லை. கட்டட வேலையிலும், செங்கல் சூளையிலும், சரக்கு முனையத்திலும் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் பொழுதை ஓட்டுகிறார்கள். காரணம், ஒதுங்கக் கழிப்பறை இல்லை. வெப்பத்தில் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பெண்களிடம் 2016-ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: கழிப்பறை இல்லாத இடங்களில் வேலை செய்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிறுநீர்ப் பாதைத் தொல்லை இருந்தது. இருபது வயதில் அடக்கிய தாகம் அறுபது வயதில் ஆஸ்பத்திரியில் வந்து நிற்கிறது.

விலைக்கு வந்த உறுப்பு

இதுவரை சொன்னது உழைப்பு சிறுநீரகத்தைத் தேய்த்த கதை. இனிச் சொல்வது சிறுநீரகத்தையே எடுத்துக்கொண்ட கதை.

1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. அப்போது சொந்த ரத்த உறவு கொடுத்தால்தான் உடம்பு ஓரளவு ஏற்கும். 1983-ல் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்ததும் நிலைமை மாறியது. முன்பின் தெரியாதவரின் சிறுநீரகமும் பொருந்தத் தொடங்கியது. மருத்துவம் முன்னேறிய அதே வேகத்தில் தரகர்கள் சேரிகளுக்குள் வந்தார்கள். சென்னை வில்லிவாக்கத்தில் விற்றவர்கள் பெருகி, அந்த ஊருக்கே "கிட்னிவாக்கம்" என்று பட்டப்பெயர் விழுந்தது. அது கேலிப் பெயர் அல்ல தோழர்களே, ஒரு ஊரின் கடன் கணக்கு.

யோசித்துப் பாருங்கள். நிழல் பட்டால் தீட்டு, தம்ளரில் வாய் வைத்தால் தீட்டு, கிணற்றில் இறங்கினால் தீட்டு. ஆனால் சேரிக்காரரின் சிறுநீரகம் வயிற்றுக்குள் போனால் மட்டும் தீட்டில்லை. ரத்தத் தூய்மை பேசும் சாதி, தேவை வந்தால் ரத்த வகை ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. சாதிக்கு உயிரியல் அடிப்படை கிடையாது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை வில்லிவாக்கத்து அறுவை அரங்குகள் எப்போதோ நிரூபித்துவிட்டன.

1994-ல் நாடாளுமன்றம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்து உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குள்ளேயே ஒரு கதவைத் திறந்து வைத்தது: நெருங்கிய உறவில்லாதவரும் "பாசத்தாலோ பற்றாலோ" கொடுக்கலாம், அனுமதிக் குழு சம்மதித்தால் போதும். சேரிக்குள் ஒருநாளும் கால் வைக்காத ஒருவர்மீது சேரிப் பெண்ணுக்குத் திடீரென்று பாசம் பொங்கியதாகக் காகிதங்கள் தயாராகின. விற்பனை நிற்கவில்லை, அதன் பெயர் மாறியது.

2001-ல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆய்வாளர்கள் சந்தித்துப் பேசினார்கள். 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றிருந்தார்கள். பேசிய தொகை முழுதாகக் கைக்கு வரவில்லை. விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 54 சதவீதத்திலிருந்து 71 சதவீதமானார்கள். நாலில் மூன்று பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். இன்னொருவருக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். விற்றவர்களில் பெரும்பகுதி பெண்கள். ஆண் மூட்டை தூக்க வேண்டும், அதனால் பெண் மேசையில் படுத்தாள்.

எர்ணாவூர், 2007

2004 டிசம்பர் 26. சுனாமி வடசென்னைக் கரையையும் அடித்தது. வீடிழந்த மீனவக் குடும்பங்களைக் கடற்கரையிலிருந்து எடுத்து கார்கில் நகரின் தற்காலிகக் கொட்டகைகளிலும், பிறகு எர்ணாவூரின் சுனாமி குடியிருப்பிலும் வைத்தார்கள். கடலைப் பார்த்து வாழ்ந்தவருக்குக் கடல் தூரமானது. வலையும் படகும் போனபின் வட்டிக்காரர் மட்டும் பாதை தவறாமல் வந்தார். அவர் பின்னாலேயே தரகரும் வந்தார்.

2007 ஜனவரியில் விஷயம் வெடித்தது. எர்ணாவூர் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றிருந்ததும், பேசிய பணத்தில் பாதிகூட வராமல் ஏமாந்ததும் செய்தித்தாள்களில் வந்தன. விலாவோரம் ஓடிய நீளத் தழும்புகள் புகைப்படங்களாயின. மாநில அரசு விசாரணை நடத்தியது. அடுத்த ஆண்டு, 2008-ல், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தைத் தமிழ்நாடு ஒழுங்குபடுத்தி நாட்டுக்கே முன்மாதிரியானது. அதை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். 2023-ல் உறுப்பு கொடுத்து இறந்தவர்களுக்கு அரசு மரியாதை அறிவித்ததும் சரியான செயல். ஆனால் உயிரோடு கொடுத்து, உயிரோடு மறக்கப்பட்டவர்களுக்கு?

சாதி நிரலில் மீனவரும் நாமும் வேறு வேறு படிகளில் வைக்கப்பட்டவர்கள். சுனாமி நிவாரணத்தின்போது நாகை மாவட்டத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. படகு வைத்திருந்தவரைத்தான் பாதிக்கப்பட்டவராக எண்ணினார்கள், கரையில் கூலி வேலை செய்தவர் கணக்கில் வரவில்லை. ஆனால் தரகரின் பட்டியலில் அந்த வேறுபாடு கிடையாது. கடன் இருக்கிறதா, ரத்த வகை என்ன என்று மட்டும் கேட்டான். நம்மைப் பிரித்து வைத்தவர்கள் நம் உறுப்பை எடுக்கும்போது பிரித்துப் பார்க்கவில்லை என்றால், அதைக் காப்பதில் நாம் மட்டும் ஏன் பிரிந்து நிற்க வேண்டும்?

விற்றவர்களுக்கு வயசாகிறது

இப்போது ஒரு கூட்டல் போடுங்கள். 1995-ல் 35 வயதில் விற்றவருக்கு 2025-ல் 65. 2006-ல் 32 வயதில் விற்ற எர்ணாவூர்ப் பெண்ணுக்கு 51. சுகரும் பி.பி.யும் வரும் வயது, சிறுநீரகத் திறன் தானாகவே குறையும் வயது. அவர்களிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று.

ஒரு சிறுநீரகத்தோடு நலமாக வாழ முடியும் என்பது உண்மை. மிஞ்சிய சிறுநீரகம் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். நார்வேயிலும் அமெரிக்காவிலும் 2014-ல் வந்த ஆய்வுகள், சிறுநீரகம் கொடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் செயலிழப்பு வரும் ஆபத்து, கொடுக்காத ஆரோக்கியமானவர்களைவிடக் கூடுதல் என்றும், ஆனாலும் மொத்தத்தில் அது சிறியதுதான் என்றும் சொன்னன. கவனியுங்கள், அவர்கள் நன்கு பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிறகும் மருத்துவரைப் பார்க்க வழியுள்ளவர்கள். தையல் பிரித்த வாரமே வேலைக்கு ஓடியவருக்கு அந்த ஆறுதல் பொருந்துமா?

இதைவிட மோசமானது சட்டம் உண்டாக்கிய மௌனம். உறுப்புக்குப் பணம் வாங்கியவரும் சட்டத்தின் முன் குற்றவாளிதான். 2011 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 5 முதல் 10 ஆண்டு வரை, அபராதம் 20 லட்சத்தில் தொடங்குகிறது. கையில் சில ஆயிரங்கள் மட்டுமே வாங்கியவர், "எனக்கு ஒரு கிட்னிதான் இருக்கு" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாய் திறப்பாரா? பெண்ணென்றால் மகளின் கல்யாணம், மருமகளின் பேச்சு, ஊரின் கண் எல்லாம் சேர்ந்து வாயை அடைக்கும். மருத்துவருக்குத் தெரியாது, அதனால் வலி மாத்திரை எழுதுவார். பரிசோதனை தள்ளிப்போகும். கடைசியில் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று இருக்கும். வீட்டில் வயசு என்பார்கள். வரலாறு அங்கே புதைக்கப்படும்.

இது முடிந்த கதையும் அல்ல. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகங்கள் கைமாறியது வெளியே வந்தது. ஊர் மாறியிருக்கிறது, காரணம் அதே கடன்.

கணக்கை மாற்றியவர்கள் மாணவர்கள்

"நாங்கள் மாணவர்கள், எங்களால் என்ன செய்ய முடியும்" என்று கேட்கும் தோழர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவில் சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் சூத்திரத்தில் நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைக் கூட்டிக் காட்ட ஒரு பெருக்கல் எண் இருந்தது. 1999-ல் வந்த சூத்திரத்தில் அது சுமார் 1.2. கறுப்பின உடம்பில் தசை அதிகம் என்ற அனுமானம்தான் அதற்கு அடிப்படை. விளைவு என்ன? ஒரே ரத்த அளவு உள்ள இருவரில் கறுப்பினத்தவர் ஆரோக்கியமானவராகத் தெரிந்தார், மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் தாமதமாகச் சேர்க்கப்பட்டார். வகுப்பில் உட்கார்ந்து "இது ஏன்?" என்று கேட்ட மருத்துவ மாணவர்கள் இதை இயக்கமாக்கினார்கள். 2021-ல் அந்த எண் நீக்கப்பட்டது. 2023 முதல், காத்திருப்புப் பட்டியலில் இழந்த காலத்தை ஆயிரக்கணக்கான கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பிக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். எண் நடுநிலையானது என்று நம்பி வாய்மூடி இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

நம் வேலை

அரசிடம் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே சுகர், பி.பி. மாத்திரை கொண்டுவருகிறது. காப்பீட்டில் டயாலிசிஸ் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் ஆல்புமின் பார்க்கும் திட்டத்தை 2023-ல் தொடங்கினார்கள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்த ஸ்டான்லி இன்றும் வடசென்னைக்குத் தாய்வீடு. ஆனால் டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். நெட்டுக்குப்பத்திலிருந்து கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் வருவதற்குள் ஒரு நாள் போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும்.

ஆகவே நாம் கேட்பது இவை. சிறுநீரகம் விற்றவர்களை வழக்கிலிருந்து விடுவித்து, அடையாளம் காக்கப்படும் என்ற உறுதியோடு வருடா வருடம் இலவசப் பரிசோதனை தர வேண்டும். தண்டனை தரகருக்கும் மருத்துவமனைக்கும்தான். எண்ணூர்ப் பகுதி ஊர்களில் 50 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் வீடு வீடாகச் சிறுநீர், ரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும். அறிக்கையில் கிரியாட்டினினோடு வடிகட்டும் திறனும் அச்சிடப்பட வேண்டும். டயாலிசிஸ் வசதி எண்ணூர் வாசலுக்கு வர வேண்டும். வெயிலில் வேலை வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர், நிழல், ஓய்வு, கழிப்பறை கட்டாயமாக வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் உள்ள பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். கடைசியாக எப்போது பரிசோதனை செய்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். பழைய அறிக்கைகளை வாங்கிப் பார்த்து, வயதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். யாராவது தயங்கித் தயங்கி விலாவைத் தொட்டுக் காட்டினால், தீர்ப்புச் சொல்லாதீர்கள், படம் எடுக்காதீர்கள், பெயரை எழுதாதீர்கள். அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய், மருத்துவரிடம் அதை அவர் சொல்லும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

ஜெய்பீம்.